தகரக் கழுதையைப் பறக்கவிட்ட பேராசிரியர்

1915ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி. பெர்லின் நகருக்கு மேற்கே டோபெரிட்ஸ் என்ற ராணுவ மைதானத்தில் ஒரு விமானம் நின்றிருந்தது. அதைச் சுற்றி நின்ற ராணுவ அதிகாரிகளில் பலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். காரணம், அது முழுக்க முழுக்க இரும்புத் தகட்டால் ஆனது. மரம் இல்லை, துணி இல்லை. இறக்கையைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிகளும் இல்லை.

அந்தக் காலத்து விமானம் என்றால் எல்லாருக்கும் ஓர் உருவம் மனத்தில் இருந்தது. மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, நாலா பக்கமும் கம்பிகள். காற்றாடிக்கு எஞ்சின் வைத்ததுபோல் இருக்கும். இரும்பைக் கொண்டு பறக்க நினைப்பவன் கப்பல் நங்கூரத்துக்கு இறக்கை கட்டுபவன் என்றுதான் நினைத்தார்கள். வந்திருந்த விமானத்தின் வெற்று எடையே 900 கிலோவுக்கு மேல். தகரக் கழுதை என்ற பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது.

மாலிங்க்ரோட் என்ற ராணுவ விமானி அதில் ஏறினார். விமானம் ஓடியது, தரையை விட்டு எழும்பியது. சுமார் மூன்று மீட்டர் உயரம், அவ்வளவுதான். இறங்கும்போது ஒரு பக்க இறக்கை தரையில் இடித்து நசுங்கியது. ஆனாலும் பறந்தது பறந்ததுதான். பழுது பார்த்து அடுத்த மாதம் மீண்டும் ஓட்டியபோது மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. சிரித்தவர்கள் கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

அந்த விமானத்தைச் செய்தவருக்கு அப்போது வயது 56. பெயர் ஹியூகோ யுங்கர்ஸ். அவருடைய தொழில் விமானம் அல்ல; குளியலறைக்குச் சுடுநீர் ஹீட்டர் செய்வது.

நெசவாலை முதலாளியின் மகன்

1859 பிப்ரவரி 3ஆம் தேதி ஜெர்மனியின் ரைன் பகுதியில் உள்ள ரைட் என்ற ஊரில் பிறந்தார் யுங்கர்ஸ். தந்தை பஞ்சாலை வைத்திருந்தவர், வசதியான குடும்பம். பிள்ளைக்கோ ஆலைக் கணக்கைவிட ஆலை இயந்திரத்தின் மேல்தான் கண். பெர்லின், கார்ல்ஸ்ரூ, ஆஹன் என்று மூன்று ஊர்களில் பொறியியல் படித்தார். 1883இல் ஆஹனில் படிப்பை முடித்தார். சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், 1888இல் மறுபடியும் பெர்லினுக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தார். முப்பதை நெருங்கும் வயதில் திரும்ப மாணவனாவது அன்றைக்கும் வழக்கமில்லை.

அங்கிருந்து டெஸ்ஸாவ் என்ற நகருக்கு வேலைக்குப் போனார். எரிவாயு கம்பெனி ஒன்று அங்கே இருந்தது. எரிவாயுவில் ஓடும் பெரிய எஞ்சின் செய்வது வேலை. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிராக வைத்து, நடுவில் வாயுவை வெடிக்கச் செய்யும் முறையை ஓஷல்ஹாய்சர் என்பவருடன் சேர்ந்து உருவாக்கினார். இரண்டு ஆட்டுக்கடாக்கள் முட்டிக்கொண்டு விலகுவதுபோல் பிஸ்டன்கள் வேலை செய்யும்.

எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வேண்டுமானால், உள்ளே போகும் வாயுவில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதை அளக்க நல்ல கருவி இல்லை. யுங்கர்ஸே ஒன்றைச் செய்தார். வாயுவை எரித்து, அந்தச் சூடு முழுவதையும் ஓடும் தண்ணீருக்கு மாற்றி, தண்ணீர் எத்தனை டிகிரி சூடாகிறது என்று பார்க்கும் கருவி அது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது.

கண்காட்சி முடிந்தபின் அவர் பார்த்தது வேறொன்று. சோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சூடாக்கும் அதே அமைப்பு, வீட்டுக் குளியலறையிலும் தண்ணீரைச் சூடாக்கும் அல்லவா? 1895இல் டெஸ்ஸாவில் கம்பெனி தொடங்கினார். எரிவாயுவில் ஓடும் சுடுநீர் ஹீட்டர்கள் விற்பனைக்கு வந்தன. வியாபாரம் சூடு பிடித்தது.

அவருடைய வாழ்க்கையின் மற்ற எல்லாமே இந்த ஹீட்டரிலிருந்துதான் வந்தது, இரண்டு வகையில். ஒன்று பணம். மற்றொன்று கைப்பழக்கம். ஹீட்டர் என்பது மெல்லிய தகட்டு வேலை. தகட்டை வளைப்பது, மடிப்பது, கசியாமல் இணைப்பது, நெளியாமல் விறைப்பாக நிறுத்துவது என்று அவருடைய தொழிலாளிகள் ஆண்டுக்கணக்கில் கை பழகினார்கள். நடைமுறைக்கு ஏற்ற முதல் முழு உலோக விமானத்தைச் செய்தது விமானத் தச்சர்கள் அல்ல. குளியலறை ஹீட்டர் செய்த பிட்டர்களின் கைதான் அது.

ஐம்பது வயதில் விமானம்

1897இல் ஆஹன் தொழில்நுட்பக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. அடுத்த ஆண்டு தெரேஸ் என்ற பெண்ணை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கல்லூரியில் பாடம், டெஸ்ஸாவில் தொழிற்சாலை, வீட்டில் பிள்ளைகள். இந்த நிலையில்தான் சக பேராசிரியர் ஹான்ஸ் ரைஸ்னர் விமான ஆராய்ச்சிக்காக அவரிடம் உதவி கேட்டு வந்தார்.

ரைஸ்னர் தன் விமானத்துக்கு உலோக இறக்கை வேண்டும் என்று விரும்பினார். யுங்கர்ஸ் கம்பெனி நெளி நெளியாக அழுத்திய அலுமினியத் தகட்டில் இறக்கை செய்து கொடுத்தது. 1912இல் அந்த விமானம் பறந்தது. பிற்காலத்தில் யுங்கர்ஸின் முத்திரையாகவே மாறிவிட்ட நெளி தகடு முதலில் பறந்தது ரைஸ்னரின் விமானத்தில்தான். இதைப் பல நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன. ரைஸ்னருக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடுவதே நியாயம்.

யுங்கர்ஸின் சொந்தக் கேள்வி வேறு. இறக்கைக்கு வெளியே இருக்கும் கம்பியும் கட்டையும் எதற்கு? அவையெல்லாம் காற்றைத் தடுக்கின்றன. இறக்கையைத் தடிமனாகச் செய்து, தாங்கும் எலும்பை அதன் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? இன்னும் ஒரு படி மேலே போனார். எஞ்சின், சாமான், பயணிகள் எல்லாவற்றையும் இறக்கைக்குள்ளேயே வைத்துவிட்டால், உடல் என்ற ஒன்றே வேண்டாமே! 1910 பிப்ரவரியில் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

தடித்த இறக்கை காற்றை அதிகம் தடுக்கும் என்றுதான் அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். பறவையின் இறக்கை மெல்லியது, ஆகவே விமான இறக்கையும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கட்சி. யுங்கர்ஸ் வாதாடவில்லை. ஹீட்டரில் வந்த பணத்தில் ஆஹனில் காற்றுச் சுரங்கம் ஒன்று கட்டினார். விதவிதமான தடிமனில் சிறிய இறக்கைகளைச் செய்து, காற்றை வீசச் செய்து அளந்தார். சரியான வடிவம் கொடுத்தால் தடித்த இறக்கையால் பெரிய நட்டமில்லை என்று அளவுகள் காட்டின. 1912இல் பேராசிரியர் வேலையை விட்டார்.

ஏன் முதலில் இரும்பு?

அலுமினியம் இலேசானது, ஆனால் மென்மையானது. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஆல்ஃபிரட் வில்ம் என்ற இன்னொரு ஜெர்மானியர். அலுமினியத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குச் செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் கலந்து, சுமார் 500 டிகிரி வரை சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் போட்டுக் குளிர வைத்தார். உடனே சோதித்தபோது பெரிய மாற்றம் இல்லை. ஒரு சனிக்கிழமை செய்த சோதனையை அப்படியே விட்டு, விடுமுறை கழிந்து வந்து மீண்டும் அளந்தபோது அதே துண்டு மிகவும் கடினமாகியிருந்தது. யாரும் தொடாமல், அறையில் சும்மா கிடந்தே உலோகம் பலம் பெற்றிருந்தது. நான்கைந்து நாள் வரை அந்தப் பலம் கூடிக்கொண்டே போனது. டூரன் என்ற ஊரின் ஆலை அதைத் தயாரித்ததால் டியூரலுமின் என்று பெயர் வந்தது. எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பலமோ சாதாரண இரும்புக்குப் பக்கத்தில்.

அப்படியானால் யுங்கர்ஸ் 1915இல் ஏன் இரும்பை எடுத்தார்? டியூரலுமின் அன்றைக்குப் புது உலோகம். வளைத்தால் வெடிப்பு விடும். வெல்டிங் வைத்தால் சூட்டில் அதன் பலம் போய்விடும். இரும்புத் தகட்டையோ அவருடைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு இணைப்பார்கள். தெரியாத இறக்கை வடிவத்தையும் தெரியாத உலோகத்தையும் ஒரே நேரத்தில் சோதித்தால், தோற்றது எது என்றே தெரியாமல் போய்விடும். தெரிந்த உலோகத்தை வைத்துக்கொண்டு இறக்கையை மட்டும் சோதித்தார். ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மின்மாற்றிகளில் பயன்படும் வகை இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கனத்தில் மேல்தோலாகப் போடப்பட்டது. அவ்வளவு மெல்லிய தகடு நசுங்காமல் இருக்க, உள்ளே நெளி தகடு ஒன்றை வைத்து இணைத்தார்கள். அதுதான் டோபெரிட்ஸில் பறந்த தகரக் கழுதை. பறந்தது உண்மை, ஆனால் எடையால் மேலே ஏறுவதில் மந்தம் என்பதும் உண்மை. இறக்கை தேறிவிட்டது, உலோகத்தை மாற்றலாம் என்று யுங்கர்ஸ் முடிவு செய்தார்.

தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்த கட்டத்தைப் புரிந்துகொள்வது எளிது. கூரைக்குப் போடும் தகரம் ஏன் நெளிந்து நெளிந்து இருக்கிறது? தட்டையான தகட்டை இரண்டு முனையில் பிடித்தால் நடுவில் தொங்கும். அதையே நெளித்துவிட்டால் ஆள் ஏறி நடந்தாலும் தாங்கும். யுங்கர்ஸ் டியூரலுமினை அப்படித்தான் நெளித்தார். நெளிவுகளை முன்னிருந்து பின்னாக, காற்று ஓடும் திசையிலேயே வைத்தார். இறக்கைக்குள் நீளவாட்டில் டியூரலுமின் குழாய்கள் பல ஓடின. மேலும் கீழும் வளைக்கும் பாரத்தைக் குழாய்கள் தாங்கின. முறுக்கும் பாரத்தை நெளி தகட்டுத் தோல் தாங்கியது. வெல்டிங் கூடாது என்பதால் எல்லா இணைப்பும் ரிவெட். ஒரு விமானத்துக்கு ஆயிரமாயிரம் ரிவெட்டுகள்.

முதல் பறிப்பு

போர் நடந்துகொண்டிருந்தது. யுங்கர்ஸ் சாது அல்ல. ராணுவத்துக்கு விமானம் செய்து கொடுத்தவர். எஞ்சினையும் விமானிகளையும் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் எஃகுக் கவசம் போட்ட விமானம் ஒன்றை 1917இல் செய்தார். தரையிலிருந்து வரும் தோட்டாவுக்கு அது அசையவில்லை. 227 விமானங்கள் தயாராகின.

ஆனால் தயாரிப்பு மெதுவாக நடந்தது. ஆராய்ச்சி மனிதர் அவர். ஒரே மாதிரியாக நூறு செய்வதைவிட, நூறாவது மாதிரியைத் திருத்துவதில்தான் ஆசை. பொறுமை இழந்த அரசு, 1917 அக்டோபரில் அவரை ஃபொக்கர் என்ற விமான முதலாளியுடன் கட்டாயமாகக் கூட்டுச் சேர்த்தது. தன் காசில் பல ஆண்டு செய்த ஆராய்ச்சியில் இன்னொருவருக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. போர் முடிந்தபின் 1919இல் கூட்டு கலைந்தது. அரசின் கை அவர் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை. கடைசி தடவை அல்ல.

போர் முடிந்த மறுநாள்

1918 நவம்பரில் ஜெர்மனி தோற்றது. மற்ற விமானக் கம்பெனிகள் போர் விமானங்களின் துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நாற்காலி போட்டு, பயணி விமானம் என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தன. யுங்கர்ஸ் பழையதை ஒதுக்கி வைத்தார். பயணிகளுக்கென்றே புது விமானம் வரையச் சொன்னார். ஓட்டோ ராய்ட்டர் என்ற பொறியாளர் வரைந்தார்.

1919 ஜூன் 25ஆம் தேதி டெஸ்ஸாவில் அது பறந்தது. பெயர் எஃப் 13. உலகின் முதல் முழு உலோகப் பயணி விமானம். நான்கு பயணிகள் மூடிய அறைக்குள், மெத்தை இருக்கையில், கதகதப்பாக உட்காரலாம். விமானிகளுக்குத்தான் காற்றும் மழையும். அந்த செப்டம்பரில் எட்டு பேரை ஏற்றிக்கொண்டு 6,750 மீட்டர் உயரத்தை அது தொட்டது.

விமானம் பறந்து மூன்றே நாள். ஜூன் 28ஆம் தேதி வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனி விமானம் செய்வதற்குத் தடைகள் வந்தன. ஆகவே எஃப் 13 பிழைத்தது வெளிநாடுகளில்தான். கொலம்பியாவில் ஆற்றையும் மலையையும் தாண்டித் தபால் கொண்டுபோனது. பொலிவியாவின் முதல் விமான நிறுவனம் 1925இல் இதைக் கொண்டே தொடங்கியது. அமெரிக்கத் தபால் துறைக்கும் சில போயின. அங்கே எரிபொருள் கசிந்து நடுவானில் தீப்பிடித்துச் சிலர் இறந்தார்கள். எல்லாம் சுபமாக நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மொத்தம் 320க்கும் மேற்பட்ட எஃப் 13 விமானங்கள் செய்யப்பட்டன. வெயிலிலும் மழையிலும் கிடந்தால் மர விமானம் ஊறி உளுத்துப்போகும். உலோக விமானத்துக்கு அந்தக் கவலை இல்லை. வெப்ப நாடுகளில் இதற்கு மதிப்பு கூடியதற்கு அதுதான் காரணம்.

விற்பனைக்கு ஆள் இல்லாத இடத்தில் யுங்கர்ஸே விமானச் சேவை நடத்தினார். விமானத்தையே பங்காகக் கொடுத்து, பல நாடுகளில் நிறுவனங்கள் தொடங்க உதவினார்.

மாஸ்கோவில் மாட்டிக்கொண்டார்

1922இல் ஜெர்மன் ராணுவம் அவரை அணுகியது. ஜெர்மனிக்குள் போர் விமானம் செய்ய முடியாது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஃபிலி என்ற இடத்தில் தொழிற்சாலை போடுங்கள், பணத்தை நாங்கள் ரகசியமாகத் தருகிறோம் என்பது ஏற்பாடு. யுங்கர்ஸ் ஒப்புக்கொண்டார். அவர் வாழ்க்கையின் பெரிய தவறு இது என்று சொல்லலாம். ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

எதிர்பார்த்த ஆர்டர் வரவில்லை, வாக்களித்த பணமும் போதவில்லை. 1925இல் கம்பெனி கடனில் தத்தளித்தது. கை கொடுத்த அரசு, அதற்கு ஈடாகப் பங்குகளைக் கேட்டது. 1926 ஜனவரி 6ஆம் தேதி, அவருடைய விமானச் சேவை போட்டி நிறுவனம் ஒன்றுடன் இணைக்கப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் இன்றும் பறக்கும் லுஃப்தான்சாவின் முன்னோடி நிறுவனம். தொடங்கியவர் கையில் அது இல்லை. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு விமானத் தொழிற்சாலையை மட்டும் மீட்டுக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் ரஷ்ய ரகசியம் நாடாளுமன்றத்தில் வெடித்தது. அதற்கான தகவல் யுங்கர்ஸ் தரப்பிலிருந்துதான் கசிந்தது என்ற கோபம் சிலர் மனத்தில் தங்கிவிட்டது. ஏழு ஆண்டு கழித்து அது திரும்பி வந்தது.

நல்ல ஆண்டுகள்

இதற்கு நடுவிலும் டெஸ்ஸாவில் வேலை நிற்கவில்லை. பௌஹவுஸ் என்ற புகழ்பெற்ற கலைக்கல்லூரி 1925இல் டெஸ்ஸாவுக்கு இடம் மாறியது. யுங்கர்ஸ் அதற்குத் துணை நின்றார். மார்செல் பிராயர் என்ற ஆசிரியர் இரும்புக் குழாயை வளைத்து நாற்காலி செய்ய முயன்றபோது, கை கொடுத்தவர் யுங்கர்ஸ் பட்டறையின் பிட்டர். இன்று அலுவலகங்களில் காணும் வளைந்த குழாய் நாற்காலிகளுக்கு அதுதான் தாய்.

1928 ஏப்ரல் 12ஆம் தேதி பிரெமன் என்ற பெயர் கொண்ட யுங்கர்ஸ் விமானம் மூன்று பேருடன் அயர்லாந்திலிருந்து கிளம்பியது. அதற்கு முந்திய ஆண்டு லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்திருந்தார். அந்தத் திசையில் காற்று பின்னிருந்து தள்ளும். எதிர்த் திசையில் முயன்றவர்கள் பலர் கடலோடு போயிருந்தார்கள். பிரெமன் 36 மணி நேரத்துக்கு மேல் எதிர்காற்றில் பறந்து, கனடாவின் கிரீன்லி தீவில் இறங்கியது. கிழக்கிலிருந்து மேற்காக அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்த முதல் விமானம் அதுதான்.

1929இல் ஜி 38 வந்தது. 44 மீட்டர் இறக்கை. இறக்கையின் முன்விளிம்பில் ஜன்னல் வைத்து உள்ளே பயணிகளை உட்கார வைத்தார். பறக்கும்போதே மெக்கானிக் இறக்கைக்குள் போய் எஞ்சினைப் பார்க்க முடிந்தது. 1910இல் காப்புரிமை எடுத்த கனவில் பாதி நிறைவேறியது என்று சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. நியூகினி தீவின் புலோலோ பள்ளத்தாக்கில் தங்கம் இருந்தது. ஆனால் கடற்கரைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவில் மலையும் காடும், சாலை கிடையாது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அள்ளிய மிதக்கும் ராட்சத இயந்திரத்தைப் பார்த்தவர்கள், தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் அதன் உருவத்தை அறிவார்கள். அந்த வகை இயந்திரத்தைத்தான் துண்டு துண்டாகப் பிரித்து, 1931 முதல் யுங்கர்ஸ் ஜி 31 விமானங்களில் மலைக்கு மேலே ஏற்றிப்போனார்கள். சில துண்டுகள் மூன்று டன். இப்படியே எட்டு இயந்திரங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. நெளி தகட்டின் காலம் முடிந்துகொண்டிருந்தது. காற்று எப்போதும் நெளிவின் திசையிலேயே ஓடுவதில்லை. குறுக்கே ஓடும்போது இழுவை கூடும். அடோல்ஃப் ரோர்பாஹ் போன்றவர்கள் வழவழப்பான தகட்டுத் தோலையே பாரம் தாங்க வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கர்கள் அதை எடுத்து வேகமாக ஓடினார்கள். யுங்கர்ஸ் நெளி தகட்டை விட்டு நகர நேரம் எடுத்துக்கொண்டார். ஏர்ன்ஸ்ட் ஸின்டல் வரைந்து 1930இல் பறந்த யூ 52, பின்னர் மூன்று எஞ்சினுடன் உலகப் புகழ் பெற்றது. உறுதியான, நம்பிக்கையான விமானம்தான். ஆனால் அது புகழடைந்தபோதே பழைய பாணி ஆகியிருந்தது.

ஹீட்டரை விற்றார்

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. விமானம் வாங்க ஆளில்லை. 1932இல் கம்பெனியால் கடன் கட்ட முடியவில்லை. யுங்கர்ஸிடம் விற்பதற்கு விலை போகக்கூடிய ஒரே சொத்து இருந்தது. முப்பத்தேழு ஆண்டு சோறு போட்ட சுடுநீர் ஹீட்டர் கம்பெனி. நவம்பர் மாதம் அதை ரோபர்ட் போஷ் நிறுவனத்துக்கு விற்றார். விமானத் தொழிற்சாலையையும் ஆராய்ச்சிக் கூடத்தையும் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வயது 73.

அவர் காப்பாற்றியதை அனுபவிக்கக் கிடைத்தது சில மாதங்கள்தான்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். விமானத் துறைக்குக் கோரிங் பொறுப்பாளர். அவருக்கு அடுத்த இடத்தில் எர்ஹார்ட் மில்ஹ். இந்த மில்ஹ் ஒரு காலத்தில் யுங்கர்ஸின் விமானச் சேவையில் வேலை பார்த்தவர். புதிய அரசுக்குப் போர் விமானங்கள் வேண்டும், உடனே வேண்டும். நாட்டிலேயே பெரிய உலோக விமானத் தொழிற்சாலை, கட்டுக்கு அடங்காத ஒரு கிழவரின் கையில் இருந்தது.

பழைய ரஷ்யக் கணக்கைத் தூசு தட்டி எடுத்தார்கள். அரசே கேட்டுச் செய்ய வைத்த காரியத்துக்கு, அரசே தேசத்துரோகக் குற்றச்சாட்டு என்று மிரட்டியது. போலீஸ் விசாரணை மேல் விசாரணை நடந்தது. ஜூன் மாதம் காப்புரிமைகளை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அக்டோபரில் கம்பெனிப் பங்குகளில் 51 விழுக்காட்டை எழுதி வாங்கினார்கள். டெஸ்ஸாவுக்குள் அவர் கால் வைக்கவே கூடாது என்று உத்தரவு. தான் கட்டிய தொழிற்சாலையின் வாசலைக்கூட அவர் மீண்டும் பார்க்கவில்லை.

தெற்கே பவேரியாவில், காவலின் கீழ் நாட்கள் கழிந்தன. 1935 பிப்ரவரி 3ஆம் தேதி மியூனிக் அருகே கௌட்டிங் என்ற ஊரில் காலமானார். அன்று அவருக்கு 76ஆவது பிறந்தநாள். மீதியிருந்த பங்குகளும் பின்னர் மனைவி தெரேஸின் கையிலிருந்து அரசுக்குப் போய்விட்டன.

பெயர் மட்டும் மிஞ்சியது

தொழிற்சாலையைப் பறித்தவர்கள் பெயரைப் பறிக்கவில்லை, அதை வைத்துக்கொண்டார்கள். அவர் இறந்த அதே ஆண்டு செப்டம்பரில், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் யூ 87 முதன்முதலாகப் பறந்தது. போலந்திலும் பிரான்சிலும் அதன் ஊளைச் சத்தத்தைக் கேட்டு மக்கள் ஓடினார்கள். அதற்கடுத்து யூ 88. இந்த இரண்டும் பறந்தபோது அவர் மண்ணுக்குள் போய்விட்டார். ஆனால் இரண்டாம் உலகப் போரின் கதைகளைக் கேட்டவர்களுக்கு யுங்கர்ஸ் என்றால் நினைவுக்கு வருவது அந்தக் குண்டு விமானங்கள்தான்.

முதல் தகரக் கழுதையை மியூனிக் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். 1944 டிசம்பரில் நடந்த குண்டுவீச்சில் அது அழிந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 7ஆம் தேதி டெஸ்ஸாவ் நகரம் பெரும்பகுதி தரைமட்டமானது.

இன்று டெஸ்ஸாவில் அவர் பெயரில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. பழைய யூ 52 ஒன்று அங்கே நிற்கிறது. விமான நிலையங்களில் சிலர் இழுத்துச் செல்லும் வரி வரியாக நெளிந்த ரிமோவா அலுமினியப் பெட்டியும் எஃப் 13 விமானத்தின் தோலைப் பார்த்துப் பிறந்ததுதான். அந்தப் பெட்டி நிறுவனத்தின் ஆதரவுடன், பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, எஃப் 13 விமானத்தைப் புதிதாகச் செய்தார்கள். 2016 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் அது வானேறியது. நெளி தகடு, டியூரலுமின் குழாய்கள், ஆயிரமாயிரம் ரிவெட்டுகள் எல்லாம் பழையபடியே. விமானிகள் இரண்டு பேரும் வழக்கம்போல் காற்றில் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.